உன் நைனா திட்டுவதை நிறுத்திய மாதம்

பீளமேடு,
12-2-1960

கண்ணு கனகத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், வாசல் முருங்கையும் நலம், என் முழங்கால் மட்டும் பாதி நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஜாம்ஷெட்பூர்க் குளிருக்கு இதமாக உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டுமென்று காரமடை ரங்கநாதரைத் தினமும் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன். இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, பல்கூட விளக்காமல் சமையற்கட்டு ஜன்னலைத் திறந்து, சந்துக்கு அந்தப் பக்கம் நம் கம்பெனியில் சண்டை நடக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். நடந்தது. ஒரு பக்கம் உன் நைனா குரல், இன்னொரு பக்கம் திருமலைசாமி மாமா குரல், நடுவில் இரும்பைச் சுத்தியலால் தட்டும் சத்தம். "ஏண்டா, இது பம்பாடா, பணியாரச் சட்டியாடா" என்று இவர் கேட்க, "உனக்குத் துளை போடத் தெரியலீன்னா என்ற வார்ப்பைக் குறை சொல்லாதடா" என்று அவர் கத்த, எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அதற்குப் பிறகுதான் அடுப்பில் பாலை வைத்தேன். ஊரில் எந்தப் பெண்ணாவது புருஷன் சண்டை போடுகிறானா என்று ஆசையாகக் காது கொடுப்பாளா, அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று நீ நினைப்பாய். கொஞ்சம் பொறுமையாகப் படி, உன் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது.

உன் கடிதம் போன வாரம் வந்தது. அடுத்த வீட்டு ஜெபமணியோடு சேர்ந்து தையல் வகுப்பு தொடங்கலாமென்று இருக்கிறாய், அவளும் கோயமுத்தூர்ப் பெண், தங்கமானவள், ஒரு சொல் அதிர்ந்து பேச மாட்டாள், நீயும் பேச மாட்டாய், சிநேகமும் கெடாமல் தொழிலும் வளர்வதற்கு அம்மா நீ படித்தவளாயிற்றே, நாலு விதி எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். படித்துவிட்டு எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கதக்கென்றும் இருந்தது. ஏனென்றால் இதே கேள்வியை மார்கழியில் உன் நைனாவும் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, பம்பாயில் யாரிடமோ கேட்டார். அதிலிருந்து வந்த வினையைத்தான் உனக்குச் சொல்லப்போகிறேன். நம் கம்பெனி நடக்கிற விதம் உனக்குத் தெரியும், ஆனால் இந்தக் கடிதத்தை நீ மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் அவருக்காக ஒரு வார்த்தை. திருமலைசாமி மாமா பவுண்டரியில் இரும்பை உருக்கிப் பம்பின் கூட்டை வார்க்கிறவர். உன் நைனா அதை லேத்தில் கடைந்து, துளையிட்டு, மோட்டாரோடு பூட்டுகிறவர். ஒருவர் இல்லாமல் ஒருவரால் ஒரு பம்புகூடச் செய்ய முடியாது. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருவரும் கூட்டு. தினமும் காலையில் முந்தின நாள் வார்த்த கூடுகளை வரிசையாக வைத்து உன் நைனா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்லது. டொக்கென்றால் உள்ளே எங்கோ காற்று புகுந்து ஓட்டை விழுந்திருக்கிறது. டொக்கென்ற உடனே இவர் திட்டுவார், அவர் பதிலுக்குத் திட்டுவார், தொண்டை வறண்டதும் இருவரும் நம் வீட்டுக்கு வந்து என் கையால் காபி குடித்துவிட்டு, ஓட்டைக் கூட்டை மறுபடி உருக்கப் போட்டுவிடுவார்கள். நாம் வீட்டில் பேசுவது தெலுங்கு, எழுதுவது தமிழ், இவர்கள் திட்டிக்கொள்வது இரண்டிலும். பத்திரம், ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது, இந்தச் சண்டைதான் அவர்களுடைய ஒப்பந்தம் என்று இப்போது தெரிகிறது. அப்போது யாருக்கும் தெரியவில்லை, பி.ஏ. படித்த எனக்கும் தெரியவில்லை.

மார்கழியில் உன் நைனா ஏதோ ஒரு பத்திரிகையில் விளம்பரம் பார்த்தார். மனிதர்களோடு நல்லுறவு வளர்த்துத் தொழிலை இரட்டிப்பாக்கும் வழி, வீட்டிலிருந்தபடியே தபாலில் பாடம், வாரம் ஒன்று. ஊரில் மற்றவர்களெல்லாம் ஆலைக்கு மேல் ஆலை கட்டுகிறார்கள், நாம் மட்டும் அதே தகரக் கொட்டகையில் கிடக்கிறோமே, நமக்கு வழிகாட்ட ஆளில்லாததுதான் காரணம் என்று அவருக்கு ஒரு எண்ணம். பம்பாய்க்கு எழுதிப்போட்டார். பாடம் வந்தது, எல்லாம் இங்கிலீஷ். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நான் வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டும், அவர் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கை கட்டிக்கொண்டு கேட்பார். முதல் பாடம் புன்னகை. சிரித்த முகத்துக்குத்தான் ஊர் கதவைத் திறக்கும் என்று போட்டிருந்தது. உன் நைனா கம்பெனியில் சிரித்ததை நான் கண்டதில்லை, கல்யாணப் போட்டோவில்கூட அவர் ஏதோ டிராமா பார்த்துத் தூங்கிவிட்டவர் மாதிரிதான் இருப்பார். மறுநாள் சவரம் செய்யும்போது கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறார். வாசல் கூட்ட வந்த தெய்வாத்தாள் பார்த்துவிட்டு, துடைப்பத்தோடு என்னிடம் ஓடி வந்து, "அம்மணி, ஐயாவுக்குக் கடவாப் பல்லுல வலிங்களா, கிராம்புத் தைலம் கொண்டாரட்டுங்களா" என்று கேட்டாள். நான் ஒன்றுமில்லை போ என்று அனுப்பினேன். அவள் நம்பவில்லை, சாயங்காலம் தைலத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது பாடம் பெயர். மனிதனுக்கு உலகத்திலேயே இனிமையான ஓசை அவனுடைய பெயர்தான், பேச்சுக்குப் பேச்சு அதைச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. கருமத்தம்பட்டியிலிருந்து பிரகாசம் என்று ஒருவர், விசைத்தறிக்காரர், தன் தோட்டக் கிணற்றுக்குப் பம்பு பார்க்க வந்தார். உன் நைனா பல்லைக் காட்டிக்கொண்டு, வாங்க பிரகாசம், உட்காருங்க பிரகாசம், கிணறு எத்தனை ஆழம் பிரகாசம் என்று ஆரம்பித்தார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, என்ற பேரை ஓயாம கூப்பிடறீங்களே, கோர்ட்டுல ஆளைக் கூப்பிடறாப்பல இருக்குதுங்க, நான் என்னங்க தப்பு செஞ்சுபோட்டேன்" என்று கேட்டிருக்கிறார். ஆனாலும் ஒரு பம்புக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். இதுவரைக்கும் எனக்குச் சிரிப்புதான். காய் நறுக்கிக்கொண்டே தனியாகச் சிரிப்பேன். மூன்றாவது பாடத்தில்தான் சிரிப்பு நின்றது. யாரையும் குறை சொல்லாதே, குற்றம் கண்டாலும் வாயைத் திறக்காதே, பாராட்டு, முக்கியமாக உன்னோடு தோள் கொடுத்து நிற்பவனைப் பாராட்டு. வாசித்துவிட்டு நானே நல்ல பாடம் என்று சொன்னேன், உன் நைனாவும் பாடத்தை மடித்து வைத்துவிட்டு, "பாவம் திருமலை, அவனை நான் எத்தனை பேசியிருப்பேன்" என்றார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முட்டாள்கள் இருவர் உட்கார்ந்து உருகினோம்.

மறுநாள் காலை கூடுகளைத் தட்டினார். இரண்டு டொக்கென்றது. திட்டவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மாமாவின் தோளைத் தொட்டு, "ரொம்ப அருமையான வேலைங்க, உங்க கை மாதிரி இந்தக் கோயமுத்தூர்ல கை கிடையாதுங்க" என்று சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூட வாங்க போங்கதான், ஆனால் இந்த இருவருக்குள் அப்படி ஒரு பேச்சு இருந்ததே கிடையாது. மாமா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உலைப் பக்கம் போய்விட்டாராம். அன்று காபிக்கு வரவில்லை. மறுநாளும் இவர் பாராட்டினார், மாமா ஒரு சுற்று இளைத்தவர் போலத் தெரிந்தார். நாலாவது பாடம், எதிராளிக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றி அவரிடமே கேள். மாமாவுக்குப் பிடித்தது மாடு. வாராவாரம் பொள்ளாச்சிச் சந்தைக்கு பஸ் ஏறிப் போய், ஒரு மாடும் வாங்காமல், ஊரான் வாங்குகிற மாட்டுக்கெல்லாம் பல் பார்த்துவிட்டு வருவாரே, அதைப் பற்றி ஒரு நாளாவது உன் நைனா கேட்டதுண்டா, மாட்டுப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். இப்போது போய், "காங்கேயம் காளை இப்ப நல்ல விலைக்குப் போகுதுங்களா, நீங்க மாட்டு வியாபாரத்துல இறங்கியிருந்தா எங்கியோ போயிருப்பீங்க" என்று கேட்டிருக்கிறார். மாமா நேரே வீட்டுக்குப் போய், லட்சுமியம்மாள் அத்தையிடம், "என்னைக் கழட்டி உட்டுப்போட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸுல ஏத்தப் பார்க்கறான்" என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டாராம். அத்தை என்னிடம் சொல்லிவிட்டு, "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க, அவுருக்குச் சோறே எறங்க மாட்டேங்குது" என்று அழுதாள்.

நான் உன் நைனாவிடம் சொன்னேன், திருமலைசாமி அண்ணா உங்களைத் தப்பாக நினைத்திருக்கிறார் என்று. அவர் பாடத்தை எடுத்துப் புரட்டி, முதலில் சந்தேகப்படுவார்கள், விடாமல் அன்பு செலுத்து என்று போட்டிருக்கிறது பார் என்றார். போட்டிருந்தது. இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. கம்பெனியில் சத்தமே இல்லை, முதலாளி வாசலில் நின்று சிரிக்கிறார், நிச்சயம் விற்றுவிட்டார்கள். பொள்ளாச்சியில் நம் பம்புகளை எடுத்து விற்கிற அரங்கசாமி இருக்கிறாரே, அவர் ஒரு நாள் மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க வந்தார். தென்னந்தோப்புக்குக் கொடுத்த பம்பு மூன்றிலும் தண்ணீர் பீய்ச்சுகிறது, கிணற்றிலிருந்து மேலே வருவதைவிடப் பக்கவாட்டில் போவது அதிகம், தோப்புக்காரர் பம்பு பக்கத்தில் நின்றே குளித்துக்கொள்கிறார் என்று சொல்ல வந்தவர். உன் நைனா அவரைப் பேசவே விடவில்லை, அங்கராக்குச் சட்டை அழகாயிருக்கிறது, குழந்தைகள் சுகமா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அரங்கசாமி எழுந்து பின்வாசல் வழியாகச் சமையற்கட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங்கக்கா, கம்பெனியை வித்துப்போட்டீங்களா, இல்ல அவுருக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா, இத்தனை வருசத்துல நான் ஒரு குறை சொன்னா ஒம்பது சொல்லித் திருப்பி அனுப்புவாருங்க, பம்பு சரியாயிருமுங்க, இன்னிக்கு என்ற சட்டையைத் தடவிப் பார்க்கறாருங்க" என்று அந்த மனிதர் பயந்துபோய்க் கேட்டார். நான் மோர் கொடுத்து, விவரமெல்லாம் கேட்டு, எந்தப் பம்பு, எந்தத் தோப்பு என்று எழுதி வைத்துக்கொண்டு அனுப்பினேன். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. டொக்கென்ற கூடுகளெல்லாம் பாராட்டு வாங்கிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய்விட்டன.

சொல்லலாமென்று நினைப்பதற்குள் அடுத்தது நடந்துவிட்டது. தை பிறந்து ஒரு நல்ல நாள். மாமா கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டு வேஷ்டி, அத்தை அரக்குச் சேலை, கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். நான் கோயில் நோம்பிக்கு அழைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், உன் நைனாவோ மாமா மகனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். மாமா உட்காரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இத்தனை காலம் ஒண்ணா இருந்துபோட்டோமுங்க, எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குதுங்க, மனசுல ஒண்ணும் வச்சுக்காம, பெரியவங்க செய்யற மாதிரி, நல்லபடியா இதைச் செஞ்சுக்கலாமுங்க" என்றார். அவருக்குப் பிரிகிறோம் என்ற வார்த்தை வாயில் வரவில்லை, பாவம். அன்றைக்கென்று பார்த்து உன் நைனா ஐந்தாவது பாடத்தில் இருந்தார். ஐந்தாவது பாடம், மறுத்துப் பேசாதே, எதிராளி கேட்பதற்கு உடனே சம்மதி, அவன் உனக்கு என்றென்றும் அடிமை. இவர் முகமெல்லாம் பல்லாக, தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இதுக்கு என்னைக் கேக்கணுங்களா, ரொம்ப நல்ல காரியமுங்க, நானே சொல்லணும்னு இருந்தேனுங்க, சீக்கிரமா முடிச்சுப்போடலாமுங்க" என்றார். அம்மாடி, மாமாவின் முகத்தை நீ பார்க்க வேண்டும். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் நெஞ்சில் நிற்கிறது. அவர்கள் போன பிறகு உன் நைனா உற்சாகமாக, பெண் எந்த ஊராம் என்று என்னைக் கேட்டார். நான் உட்காரவைத்து, பெண்ணும் இல்லை பிள்ளையும் இல்லை, தொழில் கூட்டை முறித்துக்கொள்ள வந்தார்கள், நீங்கள் சிரித்துக்கொண்டே முறித்துவிட்டீர்கள் என்று சொன்னேன். அவர் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு வாழைப்பழத்தை ஒவ்வொன்றாக உரித்துச் சீப்பு முழுவதையும் தின்றுவிட்டார், என்ன தின்கிறோம் என்றே தெரியாமல். ராத்திரி வயிறு வலித்தது, தெய்வாத்தாள் தைலத்தைத்தான் தடவினேன்.

அடுத்த நாளே உன் நைனா போய்ச் சொல்லியிருக்கலாம், நான் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்று. சொல்ல மாட்டார்களே. இவர், வேண்டாமென்று போகிறவனை இழுத்து வைப்பதா என்று முறுக்கிக்கொண்டார். அவர், போ என்று சிரித்துக்கொண்டே சொன்னவனிடம் எந்த முகத்தோடு போவது என்று பவுண்டரியை விட்டு இந்தப் பக்கமே வராமல் கிடந்தார். பவுண்டரி பாட்டுக்கு வார்த்தது, லேத்து பாட்டுக்குச் சுற்றியது, நடுவில் பேச்சில்லை. பேச்செல்லாம் என் சமையற்கட்டு வழியாகப் போக ஆரம்பித்தது. கரி வந்து சேர்ந்ததா என்று அம்மணியைக் கேட்டு வா என்று மாமா அனுப்பி அத்தை வருவாள், வந்துவிட்டது என்று சொல்லிவிடு என்று இவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். அரங்கசாமிக்கு நானே கடிதம் எழுதினேன், பீய்ச்சுகிற மூன்று பம்புகளையும் திருப்பி அனுப்புங்கள், புதிது தருகிறோம் என்று. பவுண்டரிக்குள் நானே போய், எது எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். சேலை முழுவதும் கரி. கருமத்தம்பட்டிப் பிரகாசம் வந்து, "எனக்குப் பம்பு வேண்டாமுங்க, அக்கட்ட ஒருத்தர்கிட்ட சொல்லிக்கறேனுங்க" என்று ரத்து செய்யப் பார்த்தார், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்று நானே பேசி நிறுத்தினேன். ஆனால் இப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும். ஆளுக்கொரு கொட்டகை என்று பிரிந்தால் ஒருவரிடம் ஓட்டை இருக்கும், ஒருவரிடம் துளை இருக்கும், இருவரிடமும் பம்பு இருக்காது. ராத்திரி உன் நைனா தூக்கத்தில் திட்டினார், கனகம், நிஜமாகத்தான் சொல்கிறேன். பகலில் அடக்கி வைத்ததெல்லாம் தூக்கத்தில் வருகிறது. டேய் திருமலே, டேய் திருமலே என்று. அதைக் கேட்டபோதுதான் எனக்கு வழி தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் பவுண்டரிக்குப் போய், இருந்ததிலேயே மோசமான கூடு எது என்று தேடி, ஆள் வைத்துத் தூக்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் உன் நைனா தட்டு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டேன். பக்கத்தில் சுத்தியல். இட்லி, சட்னி எதுவும் இல்லை. குளித்துவிட்டு வந்தார், நெற்றியில் நாமம் பாதிதான் போட்டிருந்தார். என்ன இது என்றார். இன்றைக்கு இதுதான் பலகாரம் என்றேன். தொட மாட்டேன் என்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் குழம்பு கிண்டப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு. டொக். இன்னொரு தட்டு, இன்னொரு பக்கம். டொக். அப்புறம் ஒரு மூச்சு, நீராவி வண்டி கிளம்புகிற மாதிரி. திரும்பிப் பார்ப்பதற்குள் பனியனோடு, பாதி நாமத்தோடு, அந்த இரும்பை மார்போடு அணைத்துக்கொண்டு சந்துக்கு அந்தப் பக்கம் ஓடுகிறார், நானும் பின்னாலேயே போனேன். மாமா வீட்டு வாசலில் நின்று கத்தினார் பார், "டேய் திருமலே, வெளிய வாடா, இதுக்குப் பேரு வார்ப்பாடா, இதை உங்க அப்பன் கிணத்துல எறக்குவானாடா, பட்டு வேஷ்டி கட்டிக்கிட்டுத் தாம்பாளம் தூக்கறதுக்கு நேரம் இருக்குது, அச்சு மண்ணைக் காய வைக்க நேரம் இல்லையாடா" என்று. தெருவே கதவைத் திறந்தது. முதல் பாடத்தில் சொன்னபடி ஊர் கதவைத் திறந்தது, ஆனால் சிரிப்புக்கு இல்லை. மாமா வெளியே வந்தார். காணாமல் போன பசு தானாகக் கட்டுத்தறிக்கு வந்து நின்றால் ஒருவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒரு நொடிதான். அப்புறம் அவரும் ஆரம்பித்தார். "வாடா, வா, உனக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா, ஒரு மாசமா டொக்கு டொக்குங்குது, அருமை அருமைங்கிறே, நான் என்னடா நெனைக்கறது, உன்ற சிரிப்பைப் பார்த்தா பேய் ஓடிப்போகுமடா, நான் வேணும்னேதான்டா ஓட்டையா வார்த்தேன், எப்பத்தான் திட்டுவேன்னு பார்த்தேன்" என்றாரே பார்க்கலாம். கேட்டாயா, வேண்டுமென்றே வார்த்தாராம். இவர் திட்டுவார் திட்டுவார் என்று காத்திருந்து ஒவ்வொரு நாளும் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார். அத்தை மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, திட்டிப்போட்டாருங்க, வாயார திட்டிப்போட்டாருங்க" என்று ஆனந்தக் கண்ணீர் விட்டாள். பம்பு வேண்டாமென்று சொல்லிப் போக அன்றைக்கு மறுபடி வந்திருந்த பிரகாசம், தெரு முனையிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப கம்பெனி நடக்குதுங்க, பம்பை அனுப்பிப்போடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்படியே திரும்பி பஸ் ஏறிவிட்டார். காபிக்கு இருவரும் வந்தார்கள். மாமா மூன்று டம்ளர் குடித்தார். தாம்பாளத்தைத் திருப்பிக் கொடு என்றார், அதில் பழம் இல்லை என்று இவர் சொன்னார், அதற்கும் ஒரு சண்டை.

ஆறாவது பாடம் தாமதமாகி நேற்றுத்தான் வந்தது. உன் நைனா பிரிக்கக்கூட இல்லை, மாமா வாங்கிப்போய் உலை பற்றவைக்கப் போட்டுவிட்டார். நான் அந்தப் பாடங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், பம்பாயில் அது பலிக்கும்போலிருக்கிறது, நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகியிருக்கிறார்கள் என்பது அவரவர் வீட்டு அடுப்பு மாதிரி, ஊதுகிறவளுக்குத்தான் தெரியும் எங்கே ஊத வேண்டுமென்று. ஆகையால் நீ கேட்ட நாலு விதியை நான் எழுதப்போவதில்லை. ஒரே ஒரு யோசனை. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஜெபமணியோடு ஒரு சின்னச் சண்டை போட்டுப் பார். ஜன்னல் துணிக்கு எந்த நிறம் என்று போதும். நீ உன் இஷ்டம் என்பாய், அவள் இல்லை உங்கள் இஷ்டம் என்பாள், அப்படியே விட்டால் யாருக்கும் பிடிக்காத ஒரு நிறத்தில் துணி தொங்கும், அதைப் பார்த்துப் பார்த்து இருவரும் மனசுக்குள் வெந்துகொண்டிருப்பீர்கள். எனக்கு இது பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மறுநாளும் அவள் வீட்டில் டீ குடிக்க முடிந்தால் தைரியமாகத் தொடங்கு. முடியாவிட்டால் சிநேகம் மட்டும் போதும், தையல் வேறு யாரோடாவது. மாப்பிள்ளை விஷயமும் எனக்கு உறுத்துகிறது. நீ எது சமைத்தாலும் பிரமாதம் என்று சாப்பிடுகிறார், கல்யாணமானதிலிருந்து ஒரு குறை சொன்னதில்லை என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். ஒரு நாள் ரசத்தில் இரண்டு கை உப்பை அள்ளிப்போட்டுப் பார். அப்போதும் பிரமாதம் என்றால் எனக்குத் தந்தி கொடு. (மாப்பிள்ளை, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கோபிக்க வேண்டாம், கோபித்தாலும் சந்தோஷம்தான்.)

மாவடு ஊறவைத்திருக்கிறேன், சீசாவை மெழுகு வைத்து அடைத்து அனுப்புகிறேன், ஈரக் கரண்டி போடாதே. ஆலைக் கரிப்புகையில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பதை அந்த ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள் என்று விட்டுவிடாதே. வரலட்சுமிக்கு, அதான் உன் நாத்தனாருக்கு, நீ இன்னும் பதில் போடவில்லையென்று சம்பந்தியம்மாள் ஜாடையாகச் சொன்னாள், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் ஒரு கார்டாவது எழுதிப்போடு, மறந்துவிடாதே. நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, வாய் நிறையப் பேசி, தேவைப்பட்டபோது வாய் நிறையச் சண்டையும் போட்டு, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

முடிக்கலாமென்று பார்த்தால் பேனா நகர மறுக்கிறது, உன்னிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இவர்கள் சமாதானமானதிலிருந்து என் சமையற்கட்டு அமைதியாகிவிட்டது. கரி வந்ததா என்று யாரும் கேட்க வருவதில்லை. அரங்கசாமி நேரே கம்பெனிக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொள்கிறார். நல்லதுதானே, நான் ஆசைப்பட்டது இதைத்தானே என்று என்னையே கேட்டுக்கொண்டேன், ஆனாலும் நேற்று மத்தியானம் சும்மா உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது கை அதுபாட்டுக்கு நின்றுவிட்டது. அந்த ஒரு மாதம் நான் கவலைப்பட்டேன், அழுதேன், சேலையில் கரி பூசிக்கொண்டேன், ஆனால் கனகம், இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு விழித்திருந்ததில்லை. எந்தப் பம்பு எங்கே போயிற்று, எவர் எதற்காகத் திரும்பி வந்தார் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர்கள் இருவருக்கும் அது தெரியாது, ஒருவர் வார்ப்பதோடு சரி, ஒருவர் கடைவதோடு சரி. அதனால் வருகிற திங்கட்கிழமை சமையலைச் சீக்கிரம் முடித்து, வீட்டைப் பூட்டி, ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு அந்தப் பக்கம் போய், அவர்கள் இருவர் மேஜைக்கும் நடுவில் போட்டு உட்காரப்போகிறேன். ஒத்தாசைக்கு இல்லை, மூன்றாவது கூட்டாளியாக. உன் நைனாவிடம் சொல்லவில்லை, மாமாவிடம் சொல்லவில்லை, அத்தைக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து என்னைப் பிடித்துக் கத்துவார்கள், பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று கூரை பறக்கும், நானும் பதிலுக்குக் கத்துவதென்று முடிவு செய்துவிட்டேன், தொண்டைக்கு இன்றிலிருந்தே பனங்கற்கண்டு போட்டுப் பால் குடிக்கிறேன். எனக்கு இருப்பது ஒரே பயம்தான், வாங்க, உட்காருங்க, உங்க இஷ்டமுங்க என்று இருவரும் சிரித்த முகமாகச் சொல்லிவிடக் கூடாது.

உன் பிரியமுள்ள அம்மா,
ராமாமணி